முதல் டிராப்பின் நீளம்

என் மனைவி கோகிலவாணி கூரைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் இன்னும் டிராப்பை வைக்கவில்லை. வைக்காத வரை அவள் இறங்க முடியாது. இதில் இங்கே யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

இடம் திருப்பூர். ஒரு பனியன் கம்பெனியின் தையல் ஷெட். ஆண்டு விழா என்று மெஷின்களையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு மேடை போட்டிருக்கிறார்கள். மத்தியான வெயில். தகரக் கூரைக்குக் கீழே நிற்பவர்கள் எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. நாங்கள் இருவரும் சேர்ந்து டான்ஸ் மியூசிக் பண்ணுகிறவர்கள். அவள் பில்டப் போடுவாள். நான் டிராப் போடுவேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை அப்படித்தான் பிரிந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பில்டப் என்பது பாட்டு ஏறுகிற இடம். டிரம் முதலில் நிதானமாக அடிக்கும். பிறகு இரட்டிக்கும். பிறகு அதுவும் இரட்டிக்கும். கூடவே உஸ்ஸென்று ஓர் இரைச்சல், விசில் வராத குக்கர் மாதிரி, ஏறிக்கொண்டே போகும். கேட்கிறவர்கள் கையைத் தூக்கிவிடுவார்கள். டிராப் என்பது அதெல்லாம் ஒரு நொடி நின்று, கிக் என்கிற கனத்த டிரம் அடியும் பேஸ் என்கிற அடித்தொனியும் சேர்ந்து விழுகிற இடம். அப்போது கை இறங்கும், கால் ஆடும். எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதை பார் கணக்கில் சொல்வோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடித்தால் ஒரு பார். எட்டு பார் டிராப் உண்டு. பதினாறு உண்டு. முப்பத்திரண்டும் உண்டு. அந்த நீளத்தை முடிவு செய்வதுதான் என் பிழைப்பு.

கோகிலா போடுகிற பில்டப் எப்போதும் நீளம். இன்றைக்கு ரொம்ப நீளம். போட்டதைத் தானே ரசித்துக் கேட்பாள். அதுதான் அவளிடம் உள்ள தொந்தரவு. முதல் எட்டு பாரில் அவள் குதிகால் எழும்பியது. அடுத்த எட்டில் மேடையை விட்டுப் போனாள். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் கால் மெட்டி என் கண்ணுக்கு நேராக இருந்தது. பிறகு அதுவும் மேலே போய்விட்டது.

திரையில் பாட்டு இடமிருந்து வலமாக ஓடும். பில்டப் முடிகிற இடத்தில் டிராப் இருக்க வேண்டும். இன்றைக்கு அந்த இடம் காலி. நீளம் முடிவாகாததால் நான் வைக்கவில்லை. காலியாக விட்டால் பில்டப் தானாக நீண்டுகொள்ளும். பில்டப் நீண்டால் அவள் இன்னும் ஏறுவாள். அவள் ஏறினால் டிராப்பின் நீளத்தை நான் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும். யோசித்துக்கொண்டிருந்தேன்.

கீழே கம்பெனி மொத்தமும் கையைத் தூக்கியபடி நின்றது. மேனேஜர் சென்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையேறினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இரண்டு கையும் தலைக்கு மேலே.

"ஏனுங், எப்ப எறக்கறீங்?"

"நீளம் பாத்துட்டிருக்கேனுங்."

"என்ர வேட்டி அவுந்துட்டிருக்குதுங்."

"தெரியுதுங்."

"கைய எறக்க முடியலீங்."

"டிராப் வந்தாத்தானுங் எறங்கும்."

"அதைத்தானுங் கேட்டேன்."

நான் எழுந்து போய் அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிவிட்டேன். நன்றி சொல்லக் கை கூப்பப் பார்த்தார். உச்சந்தலைக்கு மேலேயே கூப்பிக்கொண்டார். அது கோயில் கும்பிடு மாதிரி இருந்ததால் எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"போன வருசம் பல்லடத்துல ஒரு கல்யாணமுங்," என்றார் சென்னியப்பன். "மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தரு. டிராப் வெக்கறதுக்குள்ள கூரையத் தாண்டீட்டாரு. தாண்டுனா தாண்டுனதுதான். செருப்பு மட்டும் ஊட்டுல இருக்குது."

"கேள்விப்பட்டேனுங்."

"வெள்ளிக்கெழமைன்னா தொடச்சு வெக்கறாங்களாமா."

மேலே பார்த்தேன். கூரையும் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. பில்டப்பில் கூரை உயர்வது சகஜம். ஆனால் ஆள் ஏறுகிற வேகத்துக்கு அது ஏறாது. கோகிலாவின் தலைக்கும் தகரத்துக்கும் நடுவே ஓர் ஆள் உயரம்தான் பாக்கி இருந்தது.

அவள் என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். டிரம் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. விரலால் கணக்குக் காட்டுகிறாளோ என்று பார்த்தேன். பத்து விரலும் விரிந்திருந்தது. ஆனால் இங்கே எல்லோருக்கும் கை மேலேதான் இருக்கிறது, எல்லோருக்கும் பத்து விரலும் விரிந்துதான் இருக்கிறது. காட்டுகிறாளா, சும்மா தூக்கியிருக்கிறாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்போது ஜெயமணி வந்தார். இந்தக் கம்பெனியின் செக்கிங் சூப்பர்வைசர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. கை மேலே இருந்ததால் அதைத் தாடையால்தான் சுட்டிக் காட்ட முடிந்தது.

"அளவு பாக்காம எங்க கம்பெனில ஒண்ணும் வெளிய போகாதுங்ண்ணா. உங்க டிராப்புக்கு அளவு பாத்துட்டீங்ளா?"

"பாத்துட்டேதானுங் இருக்கேன்."

"உங்க சம்சாரம் என்ன சைஸு?"

"மீடியம்."

"மீடியத்துக்கு எட்டு போதும்ங்ண்ணா."

"லார்ஜா இருந்தா?"

"லார்ஜ் எங்ககிட்ட வாங்கற பையர் எடுக்கறதில்லீங்." சொல்லிவிட்டு, வேலை முடிந்த திருப்தியோடு கீழே இறங்கிப் போனார்.

போன் அடித்தது. மாமியார்.

"மாப்ள, கோகிலா எங்க? போனையே எடுக்க மாட்டீங்கறா."

"மேல இருக்கறா அத்த."

"மேலயா? துணி காயப் போடறாளா?"

"இல்லீங் அத்த. பில்டப்புல போய்ட்டா."

"சாப்புட்டாளா?"

"இல்லீங்."

"சாப்புடாம மேல போறா பாரு, அறிவு கெட்டவ. சித்த எறக்கி வுடுங்க மாப்ள. சாப்புட்டுப் போட்டு அப்பறம் ஏறிக்கட்டும்."

"நீளம் பாத்துட்டிருக்கேனுங் அத்த."

"என்னத்தப் பெரிய நீளம். நாலெட்டு வெச்சா வந்துருவா." போனை வைத்துவிட்டார்.

நாலெட்டு என்றால் முப்பத்திரண்டு. அத்தை அந்தக் கணக்கில் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு நீளம் சொன்னால் தொழில் செய்கிறவன் என்ன செய்வான்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டுக்கு இரண்டு டிராப். முதல் டிராப்பில் எல்லாவற்றையும் கொடுத்துவிடக் கூடாது. கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் எட்டு பார். அது முடிந்ததும் பாட்டு அடங்கும். மறுபடி ஒரு பில்டப். அப்புறம் இரண்டாவது டிராப்பில் பதினாறைத் திறந்துவிட வேண்டும். முதலிலேயே வயிறு நிறைந்துவிட்டால் இரண்டாவது பந்திக்கு யார் உட்காருவார்கள்? இதைச் சொன்னால் கோகிலா ஒப்புக்கொள்ள மாட்டாள். "நான் மூச்சுக் கட்டி ஏத்தி வெக்கறேன், நீ எட்டுல எறக்கி வுடறே. எச்சக் கையால காக்கா ஓட்ட மாட்டே மாமா நீ," என்பாள். சோறு ஆறுகிற வரைக்கும் இதே சண்டைதான்.

அவள் தலை தகரத்தில் முட்டியது. டொங் என்று ஒரு சத்தம். தாளத்தில்தான் முட்டினாள்.

நான் டிராப்பை வைத்தேன். கைப் பழக்கம். எட்டு பார் வைத்தேன்.

எல்லாம் ஒரு நொடி நின்றது. பிறகு கிக்கும் பேஸும் விழுந்தன. அடி சக்கை! நல்ல டிராப். நானே சொல்லக் கூடாது, ஆனால் நல்ல டிராப். சுவரோரம் இருந்த தையல் மெஷின்களெல்லாம் ஊசி ஏறி இறங்க ஆரம்பித்தன. கீழே இருந்தவர்களின் கைகள் மெல்ல இறங்கின. கோகிலா தகரத்தை விட்டு வந்தாள். பாருக்குப் பார் இறங்கினாள். முகம் தெரிந்தது. சிரிப்பு தெரிந்தது. நாலாவது பாரில் புடவையின் பூக்கள் தெரிந்தன. நான் கையை நீட்டினேன்.

எட்டு முடிந்தது. அவள் கால் மேடைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது.

பாட்டு அடங்கியது. இப்போது பியானோ மட்டும். அதற்கு மேலே ஒரு பெண் குரல், வார்த்தை இல்லாமல். எங்கள் பாட்டில் இந்த ஓர் இடத்தில்தான் ஒருவர் பேசினால் இன்னொருவருக்குக் கேட்கும்.

"எத்தன வெச்சே?" என்றாள்.

"எட்டு."

"பதினாறு வையின்னு கத்துனேன்."

"கேக்கல."

"வெரலக் காட்டுனேன்."

"பத்துதான் தெரிஞ்சுது."

"அப்பறம் ஆறு காட்டுனேன்ல?"

"அது பத்தாட்டத்தான் இருந்துச்சு."

அவள் தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தாள். கை மார்பு வரைக்கும்தான் இறங்கியிருந்தது. மார்பில் அடித்துக்கொண்டாள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தேன். வரவில்லை. தொங்கியே பார்த்தேன். ஒரு சாண் ஒரு சாணாகவே இருந்தது. டிராப் இல்லாமல் ஓர் அங்குலம்கூட வராது, எனக்கே தெரியும்.

"பசிக்குது மாமா," என்றாள்.

"வெச்சிருக்காங்க. பிரியாணி."

"மேல ஒரே அனல். தகரம் சுடுது." அவள் நெற்றி உச்சியில் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு எட்டுதானே, கூட ஒரு எட்டு வைத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது கம்பெனி கைதட்டியது.

அவர்கள் மேல் தப்பில்லை. கை மார்புக்கு வந்திருந்தது. இரண்டு கையும் எதிரெதிரே இருந்தது. தட்டுவதற்குத் தோதாக இருந்தது. முதல் டிராப் அவர்களுக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் ஒன்றாகத் தட்டினார்கள். தாளத்தில் தட்டினார்கள். எங்கள் பாட்டில் கைதட்டல் வந்தால் அடுத்த பில்டப் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"தட்டாதீங்க!" என்று கத்தினேன்.

"நல்லா இருந்துச்சுங்," என்றார் சென்னியப்பன், தட்டிக்கொண்டே.

"தயவு பண்ணி நிறுத்துங்க!"

"மரியாதைக்குத் தட்டறதுங். நடுவுல நிறுத்துனா நல்லா இருக்காதுங்."

கைதட்டல் இரட்டித்தது. உஸ்ஸென்று இரைச்சல் எழுந்தது. கோகிலாவின் இடுப்பு என் கையிலிருந்து நழுவி முழங்கால் வந்தது. முழங்காலிலிருந்து கணுக்கால் வந்தது. நான் கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். என் பெருவிரல் மேடையில் உரசியது.

"வுடு மாமா!" இன்னும் அவள் குரல் கேட்டது. "நீயும் வந்துட்டா யாரு வெக்கறது?"

அது நியாயம்தான். விட்டேன். விட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

லேப்டாப்பை நோக்கி ஓடினேன். ஐந்தாறு எட்டில் இருக்க வேண்டிய மேசை தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. பில்டப்பில் மேடையும் நீளும். பலகைக்குப் பின் பலகையாக வந்தது. நான் ஓடினேன். பக்கத்தில் கூடவே ஜெயமணி நடந்து வந்தார். நடந்தே வந்தார், எனக்குச் சமமாக.

"இப்ப என்ன சைஸுங்ண்ணா வெக்கப் போறீங்?"

"பெருசா."

"பெருசுன்னா எத்தனைங்? சொன்னாத்தானுங் பாஸ் பண்ண முடியும்."

"தலைக்கு மேல போயாச்சுங்க. இனி சாண் என்ன, மொழம் என்ன?"

"அப்படியொரு சைஸு எங்ககிட்ட இல்லீங்." நின்றுவிட்டார்.

மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேலே தகரம் பிரிகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். கூரையில் ஒரு சதுரம் திறந்திருந்தது. அதற்குள் வானம். வானத்தில் கோகிலாவின் உள்ளங்கால் இரண்டும் தெரிந்தன. பிறகு ஒரு புள்ளி தெரிந்தது.

நான் இரண்டாவது டிராப்பை வைத்தேன். பதினாறு வைத்தேன். அதோடு இன்னொரு பதினாறை ஒட்டினேன்.

விழுந்தது. அப்படியொரு டிராப்பை நான் என் வாழ்நாளில் வைத்ததில்லை. எல்லோருடைய கையும் முழுசாக இறங்கியது. கம்பெனி ஆடியது. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். புள்ளி மட்டும் புள்ளியாகவே இருந்தது. கேட்கிறவர்கள்தானே இறங்குவார்கள்? அங்கே அவளுக்கு என்ன கேட்கும்?

"ஸ்பீக்கரத் திருப்பணுமுங்!" என்று கத்தினேன். சென்னியப்பன் வந்து ஒரு பக்கம் பிடித்தார். இரண்டு பேருமாகப் பெரிய ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக மல்லாக்கப் படுக்க வைத்தோம். சத்தம் நேராக அந்தச் சதுரத்தின் வழியே மேலே போனது. பல்லடத்தில் யாரும் இதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

புள்ளி கொஞ்சம் பெரிதானது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பெரிதாகத்தான் ஆகியிருந்தது.

முப்பத்திரண்டு தீரப் போகிறது. இன்னொரு எட்டை ஒட்டினேன். பிறகு இன்னொன்று. அதே எட்டைத் திரும்பத் திரும்ப ஓடும்படி சுற்றலில் விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். சுற்றலில் விட்டால் ஆள் இறங்காது, இருந்த இடத்திலேயே சுற்றும். ஒவ்வோர் எட்டாகக் கையால்தான் ஒட்ட வேண்டும். நீளத்துக்கு வேறு வழியில்லை.

அப்போதுதான் கீழே பார்த்தேன். என் கால் பலகைக்குள் கணுக்கால் வரை போயிருந்தது.

மேலே ஏறாதவன் இறங்க வேண்டுமென்றால் தரைக்குள்தான் இறங்க வேண்டும். யோசித்தால் சரியாகத்தான் இருந்தது. பதினாறு பாருக்கு மேல் நான் வைத்ததே இல்லை என்பதால் இதுவரை பார்த்ததில்லை. கீழே ஆடியவர்களும் சிமெண்டில் பாதம் புதைய நின்றார்கள். யாரும் பதறவில்லை. ஒருவரையொருவர் பிடித்துக் காலை உருவிக்கொண்டு, பந்தி போட்டாயிற்று என்று சாப்பிடப் போய்விட்டார்கள். சென்னியப்பன் ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட்டை, வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளை, கொண்டுவந்தார். இரண்டு உருண்டை பிடித்துத் தன் காதில் அடைத்துக்கொண்டார். உடனே அவர் இறங்குவது நின்றுவிட்டது. எனக்கும் இரண்டு உருண்டை நீட்டினார்.

"வேண்டாமுங்," என்றேன். "கேக்காம எப்படீங் நீளம் வெக்கறது?"

அவருக்குக் காது கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் ஒட்டினேன். மேலே புள்ளிக்குக் கால் முளைத்தது. எனக்கு முழங்கால் போயிற்று. புடவையின் நிறம் தெரிந்தது. எனக்கு இடுப்பு போயிற்று. அவள் ஒரு பார் இறங்கினால் நானும் ஒரு பார் இறங்கினேன். பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மேசை எட்டாமல் போனதும் லேப்டாப்பை இழுத்துப் பலகைமேல் வைத்துக்கொண்டேன். அவள் கூரைச் சதுரத்துக்குள் வந்தபோது பலகை எனக்குக் கழுத்து வரை வந்திருந்தது. வெளியே இருந்தது தலையும் ஒரு கையும். அந்தக் கையால் கடைசியாக ஒரு முப்பத்திரண்டை மொத்தமாக ஒட்டினேன். அத்தை சொன்ன நாலெட்டு. பிறகு கையும் உள்ளே போய்விட்டது.

அவள் இறங்கினாள். குதிகால் முதலில் பட்டது. பிறகு பாதம். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக, மெட்டி போட்ட விரல் உள்பட. என் கண்ணுக்கு ஒரு முழம் முன்னால் முழுசாக நின்றாள். அவளுக்கு ஏறினது நிறைய மிச்சம் இருந்ததால் பலகை அவளை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது. கோகி என்று கூப்பிட்டேன். வாய் பலகைக்குக் கீழே இருந்தது.

"மாமா?" என்றாள். மேசைக்குப் பின்னால் பார்த்தாள். ஸ்பீக்கருக்குப் பின்னால் பார்த்தாள். "ஏனுங், எங்கீங் இவரு?"

சென்னியப்பன் பிரியாணித் தட்டோடு வந்து நின்றார். ஒரு காதின் வேஸ்ட்டை எடுத்தார்.

"இங்கதானுங் இருந்தாரு. சாப்புடப் போயிருப்பாருங். நீங்க மொதல்ல சாப்புடுங்." நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். தட்டை வாங்கினாள். நல்ல பசி, சத்தம் கேட்டது.

"பாட்ட நிறுத்தீறலாங்ளா?" என்றார் சென்னியப்பன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டாள். அவள் கால் கட்டைவிரல் தாளம் போட்டது. நான் இமையை அடித்து அடித்துக் காட்டினேன். நிறுத்தச் சொல் என்று அர்த்தம். தூசி விழுந்தால்கூட யாரும் அப்படித்தான் அடிப்பார்கள்.

"இருக்கட்டுமுங்," என்றாள் கோகிலா. "எத்தன வருசமாச் சண்ட போடறேன். இன்னிக்குத்தான் மனசார வெச்சிருக்காரு. இன்னுங் கொஞ்சம் ஓடட்டும்."

பலகை என் கண்ணுக்கு வந்தது. அவள் சொன்னது சரிதான். அந்த இடத்தில் நிறுத்தினால் பாட்டு கெட்டுவிடும். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.